ஆணிக்கும் அசராத டயர்

கேள்வி: கார் உற்பத்திக்குப் பேர்போன ஊர்கள், ரவுண்டானாவில் கார் சிலை, பல்சக்கரம் என்று வைத்து அழகு பார்க்கின்றனவே... உங்கள் ஓட்டு எதற்கு?

பதில்: என் ஓட்டு ரவுண்டானாவுக்கு அல்ல, சாலையோரத்துக்கு! அமெரிக்காவின் கார் தலைநகர் டெட்ராய்ட். அதை ஒட்டிய ஆலன் பார்க்கில், ஐ-94 நெடுஞ்சாலை ஓரம் 80 அடி உயரத்துக்கு நிற்கிறது யூனிராயல் கம்பெனியின் டயர். 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இது ராட்சத ராட்டினம். அப்போது 24 தொட்டிகளில் ஒரே நேரத்தில் 96 பேர் சுற்ற முடிந்தது. கண்காட்சி முடிந்ததும் பிரித்துக் கொண்டுவந்து, 1966-ல் இங்கே நிறுத்திவிட்டார்கள். அத்தோடு டயருக்கு ரிட்டயர்மென்ட்!

1998-ல் அதன்மேல் 11 அடி நீள ஆணியைக் குத்திவைத்தார்கள். வில்லத்தனம் அல்ல, விளம்பரம்! ஆணி ஏறினாலும் காற்று இறங்காத டயரை அப்போது கம்பெனி விற்க ஆரம்பித்திருந்தது. 2003-ல் அந்த ஆணியைப் பிடுங்கியும் விட்டார்கள். அது தேவையான ஆணியா, தேவையில்லாத ஆணியா என்பதை வடிவேலுதான் சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெருமையைச் சொல்லும் சின்னம், கடந்து போகிறவரைச் சிரிக்கவும் வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் முதல் பரிசு இந்த டயருக்கே!