நிலக்கரியாகப் பிறந்திருந்தால்

கோலசிலாங்கூர் பக்கம் ரயிலே எட்டிப் பார்த்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்துப் பத்து ஆராங்கில் நிலக்கரி கிடைத்ததும் குவாங்கிலிருந்து காட்டை அழித்துத் தண்டவாளம் போட்டான் வெள்ளைக்காரன். அந்தக் கரிக்கு இந்த வட்டாரத்தில் கிடைத்த மரியாதை எந்த மனிதனுக்கும் கிடைத்ததில்லை. தனிப் பாதை, தனி வண்டி, ஏற்றி இறக்க ஆள். 1960-இல் சுரங்கத்தை மூடினார்கள். போகப்போகத் தண்டவாளமும் போயிற்று. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்போதும் லயங்களில்தான் இருந்தன. அவர்களை எரித்தால் மின்சாரம் வராது என்று யாரோ கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

ரயிலுக்கும் நமக்கும் உறவு இல்லாமல் இல்லை. 1885-இல் தைப்பிங்–போர்ட் வெல்ட், 1886-இல் கோலாலம்பூர்–கிள்ளான் என்று மலாயாவின் முதல் பாதைகள் வந்த நாளிலிருந்து மண் சுமந்தவன் தமிழன், கட்டை அடுக்கியவன் தமிழன். செந்தூல் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸும் தமிழ் பேசின. அப்புறம் சப்பான்காரன் வந்தான். கிழக்குக் கரையிலும் தம்பின்–மலாக்காவிலும் தண்டவாளத்தைப் பிடுங்கினான். அதைச் சயாமில் போட, தோட்டத்திலிருந்து ஆளையும் பிடுங்கினான். 415 கிலோமீட்டர் மரண ரயில். போனவர்களில் பலரின் பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக இல்லை. அவர்களுடைய பேரன் இன்றைக்கு கோலசிலாங்கூர் பக்கத்து புக்கிட் ரோத்தானில் நின்றுகொண்டு, எங்கள் பக்கம் ஏதாவது வண்டி விடுங்களேன் என்று கேட்டால், பயணிகள் எண்ணிக்கை போதாது என்கிறார்கள். சயாமுக்கு ஏற்றும்போது மட்டும் எண்ணிக்கை போதுமானதாக இருந்தது.

இந்த எண்ணிக்கைக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எம்ஆர்டி முதல் தடம் 2016 டிசம்பரில் சுங்கை பூலோவிலிருந்து ஓடத் தொடங்கியது. 21 பில்லியன் வெள்ளி. அந்தத் தடத்தில் குவாசா டாமன்சாரா, குவாசா சென்ட்ரல் என்று இரண்டு நிலையங்கள். திறந்த அன்றைக்கு அங்கே இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மின்படி ஓடுகிறது, குளிர்சாதனம் ஓடுகிறது, அறிவிப்பு மூன்று முறை ஒலிக்கிறது, வெளியே வந்தால் புல், செம்மண், வேலி. அது முன்பு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டம். நம் ஆட்கள் ஆர்.ஆர்.ஐ. என்று சொல்லும் இடம். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பால்மரம் வெட்டிய 2,330 ஏக்கர், ஊழியர் சேமநிதி வாரியத்தின் கைக்குப் போய் நகரமாகப் போகிறது. மரம் வெட்டியவர்கள் இருந்தவரை அங்கே ரயில் வரவில்லை. அவர்களை அப்புறப்படுத்தி, நிலத்தைச் சமன் செய்து, மனையாக விற்கத் தயாரான பிறகு வந்தது. இன்னும் கட்டாத கொண்டோவில் இன்னும் குடிவராத குடும்பத்துக்கு இரண்டு நிலையங்கள் அன்றைக்கே தயார். அந்தக் குடும்பத்தின் எண்ணிக்கை மட்டும் எப்படியோ போதுமானதாக இருந்திருக்கிறது.

புக்கிட் ஜாலில் கதையும் இதேதான். 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுக்காக அங்கே எல்ஆர்டி வந்தது. விளையாட்டு அரங்கம், நிலையம், பூங்கா எல்லாம் எழும்பின. பக்கத்திலேயே எஞ்சியிருந்த தோட்டக் குடும்பங்கள் ஒரு வீட்டுக்காக அடுத்த நூற்றாண்டிலும் போராடிக்கொண்டிருந்தன. ஆகவே ரயில் கேட்கும் தோட்டத்து மக்களுக்கு ஒரு யோசனை. முதலில் பெட்டியைக் கட்டி வையுங்கள். ரயில் வருகிறது என்ற செய்தி, நீங்கள் போகிறீர்கள் என்ற செய்திதான்.

பணம் இல்லையா என்றால், இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் அவர்களுக்கே தெரியாது. கிள்ளான் பக்கம் போகும் எல்ஆர்டி3-க்கு 31.65 பில்லியன் வெள்ளி ஆகும் என்றார்கள். 2018-இல் ஆட்சி மாறியது. அதே தடத்துக்கு 16.63 பில்லியன் போதும் என்றார்கள். வண்டியைக் குட்டையாக்கி, ஐந்து நிலையங்களை வெட்டி, இன்னும் அங்கே இங்கே தட்டியதில் 15 பில்லியன் மிச்சமாம். அப்படியானால் முதலில் போட்டது யாருடைய கணக்கு? வெட்டிய அந்த ஐந்து நிலையங்களையும் 2024 பட்ஜெட்டில் 4.7 பில்லியன் கொடுத்துத் திரும்பச் சேர்த்தார்கள். 2020-இல் ஓட வேண்டிய வண்டி. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் திறப்புத் தேதி மட்டும்தான் ஓடியது. இன்னொரு பக்கம் சிங்கப்பூர் அதிவேக ரயில். ஒரு பெட்டிகூட ஓடவில்லை, திட்டத்தை முடித்துக்கொண்டதற்கு 2021-இல் 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தோம். ஓடாத ரயிலுக்கு டிக்கெட் வாங்கிய ஒரே நாடு நாமாகத்தான் இருக்கும்.

அடுத்தது எம்ஆர்டி3. 51 கிலோமீட்டர் வட்டத் தடம், கோலாலம்பூரைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும். 2022-இல் புத்துயிர் கொடுத்தபோது ஏறக்குறைய 50 பில்லியன் என்று மதிப்பிட்டார்கள். அந்த 51 கிலோமீட்டரைச் சுங்கை பூலோவிலிருந்து நேராக நீட்டினால் கோலசிலாங்கூரைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிடும். அந்த ஆண்டு பட்ஜெட்டை வாசித்த அப்போதைய நிதியமைச்சர் தெங்கு ஸாஃப்ருல் அடுத்த மாதமே எங்கே ஓட்டுக் கேட்க வந்தார் தெரியுமா? கோலசிலாங்கூரில். தோற்றுப்போனார். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பஸ் பிடித்து வந்திருந்தால் வேட்புமனு நேரமே தவறியிருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

பழைய தடத்தை மாற்றுவது பற்றி நகரத்தில் நிறையப் பேசுகிறார்கள். கிளானா ஜெயா எல்ஆர்டி 1998-இல் வந்தது, கிழடாகிவிட்டது. 2022 நவம்பரில் நாள்கணக்கில் 16 நிலையங்களை மூட வேண்டியதாயிற்று; நாடே கொந்தளித்தது, அமைச்சுக்கு வியர்த்தது, இலவச பஸ் ஓடியது. நியாயம்தான். எங்கள் பக்கத்துப் பழைய தடம் எது என்று கேளுங்கள். 54-ஆம் எண் கூட்டரசு சாலையில் ஈஜோக், புக்கிட் ரோத்தான் வழியாக ஓடும் பஸ். அது பழுதானால் யாரும் கொந்தளிப்பதில்லை. ஓடினால்தான் ஆச்சரியப்படுவோம்.

விடியற்காலை ஆறு மணிக்கு அந்தச் சாலையோர நிறுத்தத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் சுங்கை பூலோ மருத்துவமனை அட்டை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையில் மருந்தும் பிஸ்கட்டும். எட்டரைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"பஸ் போயிருச்சா பாட்டி?"

"எதக் கேக்குறே? நேத்து வரவேண்டியதா, இன்னைக்கு வரவேண்டியதா?"

கடைசியில் செம்பனைத் தொழிற்சாலைக்குப் போகும் பேரன் மோட்டாரை நிறுத்தி, ஒரு ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி, லாரிகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு போவான். அன்றைக்கு அவனுக்கு அரைநாள் சம்பளம் போகும். இதுதான் வட சிலாங்கூரின் துரிதப் போக்குவரத்துத் திட்டம். தடம் கிடையாது, கால அட்டவணை கிடையாது, மோட்டாருக்குத் தவணைப் பணம் மட்டும் உண்டு. நகரத்தில் இருப்பவர் மாதம் 50 வெள்ளிக்கு மை50 பயண அட்டை வாங்கி ரயிலிலும் பஸ்ஸிலும் கணக்கில்லாமல் ஏறி இறங்கலாம். அந்தக் குறைந்த கட்டணத்துக்கு ஈடுகட்டும் பொதுப்பணத்தில் இந்தப் பேரன் கட்டும் வரியும் உண்டு.

சாலை போட்டுக் கொடுத்தோமே என்பார்கள். போட்டார்கள். 2011-இல் திறந்த கோலாலம்பூர்–கோலசிலாங்கூர் நெடுஞ்சாலை கோலாலம்பூரிலும் தொடங்காது, கோலசிலாங்கூர் பட்டணத்தையும் தொடாது. ரவாங் பக்கம் டெம்பளர் பூங்காவில் புறப்பட்டு இந்தப் பக்கத்துச் செம்பனைக்குள் முடிகிறது. பெயர்ப்பலகையை மட்டும் முழுத்தூரத்துக்கும் நட்டிருக்கிறார்கள். டோல் வாங்குகிற இடத்தில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

ஈஜோக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. 2007 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது, பல வருடம் கிடைக்காத தார் சில வாரத்தில் கிடைத்தது. விளக்குக் கம்பம் முளைத்தது, சாக்கடைக்கு மூடி வந்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் இறந்தால்தான் ஒரு தெருவுக்குத் தார் விழும் என்றால், ரயிலுக்கு எத்தனை பேர் சாக வேண்டியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் தார் உருளை எந்தப் பக்கம் போனது என்று கேட்டால் ஈஜோக்கில் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

புஞ்சாக் ஆலாமுக்கு ஈசிஆர்எல் என்ற கிழக்குக்கரை ரயில் வருகிறதே, அதுவும் இந்த மாவட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டும். கோத்தா பாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டர், வருமானத்தில் பெரும்பகுதி சரக்கிலிருந்து வரும் என்று சொல்லித்தான் போடுகிறார்கள். பத்து ஆராங்குக்குப் பிறகு மறுபடியும் பெட்டிகள் இந்த மண்ணில் ஓடப்போகின்றன, மறுபடியும் உள்ளே சரக்கு.

எங்களுக்குச் சுரங்கப்பாதை வேண்டாம், மின்படியும் வேண்டாம். கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பூலோ எம்ஆர்டி வரை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் நிறுத்தங்களைத் தொட்டு, அரைமணிக்கு ஒரு பஸ். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து இன்னொன்று, தோட்டத்து முச்சந்திகளில் நிற்கும்படி. முதல் வண்டி காலை ஐந்து மணிக்கு, ஆலைக்குப் போகிறவனுக்காக. கடைசி வண்டி இரவு பதினொன்றுக்கு, பட்டணத்தில் பேரங்காடியைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் திரும்பும் பெண்ணுக்காக. நேரத்தை எழுதிய பலகை ஒன்று, அதில் எழுதிய நேரத்துக்கு வருகிற வண்டி. எல்ஆர்டி3 கணக்கில் காணாமல் போன 15 பில்லியனில் எத்தனை பஸ் வாங்கலாம் என்பதை நிதியமைச்சே சொல்லட்டும். கணக்குத் தப்பாக வந்தாலும் பரவாயில்லை, பழகிவிட்டது; பஸ் மட்டும் வரட்டும்.