குடியை ஒழிக்கக் கிளம்பி டிக்கெட் விற்றவர்

வெளிநாட்டு ரயிலுக்கு உள்ளூரிலேயே காசைக் கட்டி டிக்கெட்டோடு கிளம்புகிற வழக்கத்தைப் பரப்பியவர் ஏதோ உல்லாசப் பேர்வழி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒரு பாப்டிஸ்ட் பிரசங்கி. பீர், ஒயின், விஸ்கி எல்லாவற்றுக்கும் ஜென்மப் பகை. பெயர் தாமஸ் குக், கற்ற தொழில் தச்சு.

1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் லஃப்பரோவில் மதுவிலக்குக் கூட்டம். லெஸ்டரிலிருந்து 11 மைல். குக் ஒரு தனி ரயிலைப் பேசி, போகவர தலைக்கு ஒரு ஷில்லிங் வசூலித்து, சுமார் 500 பேரைக் கூரையில்லாப் பெட்டிகளில் ஏற்றி, பேண்டு வாத்தியத்தோடு கொண்டுபோய் இறக்கினார். கூட்டத்துக்கு லாரியில் ஆள் ஏற்றும் அன்பர்கள் கவனிக்க: இங்கே குவார்ட்டர் கிடையாது, பிரியாணி கிடையாது, காசும் வந்தவன் கைக்காசு.

ருசி கண்டுவிட்டார் மனிதர். 1846-ல் ஸ்காட்லாந்துக்கு ஒரு படையைக் கிளப்பினார். ரயிலில் கழிப்பறை இல்லை. கப்பலில் எல்லோருக்கும் அறை இல்லை. பணம் கட்டிய பலர் மேல்தளத்தில் மழையில் நனைந்தபடி இயற்கையை ரசித்தார்கள். அதே ஆண்டு குக் மஞ்சக்கடுதாசி கொடுத்தார். ஆனாலும் விடவில்லை. மறுபடி எழுந்து வருஷா வருஷம் கூட்டம் கூட்டமாக ஸ்காட்லாந்தில் கொட்டினார். 1862-ல் அங்குள்ள ரயில் கம்பெனிகளுக்குக் கணக்குப் புரிந்தது. ‘கூட்டத்தைப் பழக்கிவிட்டதற்கு நன்றி, இனி டிக்கெட்டை நாங்களே விற்றுக்கொள்கிறோம்’ என்று கதவைச் சாத்திவிட்டன. அந்த வயிற்றெரிச்சலில்தான் குக்கின் பார்வை சுவிட்சர்லாந்து பக்கம் திரும்பியது.

அதுவரை ஐரோப்பாவில் ரயிலேறுவதென்றால் என்ன பாடு தெரியுமா? பிரான்சில் பிராங்க், ஜெர்மானிய நாடுகளில் ஒரு பக்கம் தாலர், மறுபக்கம் குல்டன், மலையைத் தாண்டினால் லிரா. ஊருக்கு ஒரு கடிகார நேரம். கம்பெனிக்கு ஒரு கவுண்டர், கவுண்டருக்கு ஒரு பாஷை. பிரெஞ்சு ஸ்டேஷனிலோ டிக்கெட் வாங்கியவனைக் காத்திருப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ரயில் தயாரானதும் கதவு திறக்கும். திறந்ததும் கோமான், சீமாட்டி எல்லோரும் மரியாதையை அங்கேயே விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்து ஓடவேண்டியது.

குக் இதற்கு ஒரே மருந்துதான் தந்தார். லண்டனிலேயே பவுண்டில் பணத்தைக் கட்டு. போகவேண்டிய வழி முழுவதற்கும் சீட்டு உன் கையில். இந்த முறை வளர்ந்து கூப்பன் கட்டாகவே ஆயிற்று. கட்டத்துக்கு ஒன்றாகக் கிழித்துக் கொடுத்தால் போதும், வாயே திறக்கவேண்டாம். ஆங்கிலேயனுக்கு அதைவிடப் பெரிய வரம் ஏது? 1868-ல் ஓட்டலுக்கும் கூப்பன் வந்துவிட்டது.

1863 ஜூன் கடைசியில் முதல் சுவிஸ் கூட்டம் புறப்பட்டது. அதில் வந்த ஜெமைமா மோரல் என்ற யார்க்‌ஷயர்ப் பெண் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. ரயில் தீர்ந்த இடத்தில் குதிரை வண்டி, வண்டி தீர்ந்த இடத்தில் கோவேறு கழுதை, கழுதையும் தீர்ந்தால் கால். கூடைபோல விரிந்த கிரினோலின் பாவாடையோடு பெண்கள் பனியாற்றின் மேல் நடந்தார்கள். விடியுமுன் எழுப்பி விரட்டினார்கள். ஓய்வெடுக்க வந்தவர்கள் இவர்கள்!

இதெல்லாம் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்குமா? கடைக்காரனும் வாத்தியாரம்மாவும் ஆல்ப்ஸ் பார்ப்பதா? அதிகமாக எரிந்தது சார்லஸ் லீவர் என்ற நாவலாசிரியருக்கு. அவர் இத்தாலியின் ஸ்பெசியா நகரில் பிரிட்டிஷ் துணைத் தூதரும்கூட. 1865-ல் புனைபெயரில் பத்திரிகையில் எழுதித் தீர்த்தார். அதோடு நிற்காமல் இத்தாலியர்கள் காதில் ஒரு புரளியையும் ஊதினார்: ஆஸ்திரேலியா இனி கைதிகளை வாங்க மாட்டேன் என்றுவிட்டதாம், அதனால் பிரிட்டிஷ் அரசாங்கமே குக் மூலமாக ஊருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களை இத்தாலியில் இறக்கிவிடுகிறதாம்!

குக் கொதித்துப்போய் வெளியுறவு அமைச்சர் வரைக்கும் புகார் கொண்டுபோனார். அமைச்சர் அசைந்து கொடுக்கவில்லை. லீவருக்கு வந்தது தண்டனை அல்ல, 1867-ல் ட்ரியெஸ்ட் நகரில் முழுத் தூதர் பதவி. ‘சும்மா இருக்க ஆண்டுக்கு 600 பவுண்டு, அதற்கு உம்மைவிடப் பொருத்தமான ஆள் இல்லை’ என்ற பொருளில் சொல்லித்தான் அப்போதைய பிரதமர் டெர்பி பிரபு அந்த வேலையைக் கொடுத்தாராம்.