லைனும் லயமும்

ஒரு சின்ன 'லைன்'! ஆங்கிலத்தில் அதற்கு எத்தனை பொருள்தான் உண்டு? (வாசகர், கொத்மலை)

கோடு, வரி, வரிசை, கயிறு, ரயில் பாதை, தொலைபேசி இணைப்பு, வம்சம் என்று அகராதியில் அது நீண்டுகொண்டே போகும். வேரோ லத்தீன் 'லீனியா', அதாவது ஆளிநார் நூல். பட்டாளக் குடியிருப்பு வரிசைக்கும் இதே பெயர்தான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாய் நிற்கும் காம்பிராக்கள் (அறைகள்) 'லயன்' ஆயின; மக்கள் வாயில் அது 'லயம்'. இசையில் லயம் என்றால் தாளத்தோடு ஒன்றுவது. 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பம் முழுதும் ஒன்ற எந்தத் தாளம் போதும்?

'வீடு' லயத்துக்கு ஒத்த சொல் ஆகாது. அதனால்தான் காணியுறுதியோடு தனி வீடு கேட்கிறது இந்தத் தோட்டங்கள் நிறைந்த மலையகம். 2017 மே மாதம் அங்குள்ள நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகளை அறிவித்தார்.