சான்றைக் கேளுங்கள்

கேள்வி: சதிக் கதைகளை மக்கள் ஏன் இவ்வளவு எளிதாக நம்புகிறார்கள்?
– வாசகர், உக்குவளை

பதில்: ஆதாரத்தைப் பார்த்தல்ல, மனதில் ஏற்கெனவே உள்ள பயத்துக்கு அவை ஒரு முகம் கொடுப்பதால். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் கிடந்த கட்டியை 'மலடாக்கும் மாத்திரை' என்றார்கள்; கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரோ அதை மாவுக்கட்டி என்றார். உண்மைக்கு ஆய்வுகூடம் தேவை, வதந்திக்குத் தேவையில்லை. அதனால்தான் அது முந்துகிறது. படியாதவர்கள்தான் நம்புகிறார்கள் என்பதும் தவறு: 2019இல் குருநாகல் வைத்தியர் ஒருவர்மீது மலடாக்கினார் என்ற இதே பழியை நாளிதழொன்றே முதற்பக்கத்தில் சுமத்தியது. உண்மையான சதிகளும் உண்டே எனலாம். உண்டு, அமெரிக்காவின் வாட்டர்கேட் சதி ஒலிநாடாவோடும் சாட்சியோடும் அம்பலமானது. சான்றில்லாப் பழியைப் பகிராதீர்கள். அதன் விலையை அப்பாவி அயலவரே கொடுக்கிறார்.