சிஸ்டம்காரர் திணை

சிஸ்டம்காரர் என்பவர் சரக்கு லாரி நிறுவனம் ஒன்றில் கரண்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி ஆபீசுகளில் இவ்வினம் பரவலாகக் காணப்படும். நியமனக் கடிதத்தில் 'ஐ.டி. அட்மின்', சம்பளப் பட்டியலில் 'கம்ப்யூட்டர்', புக்கிங் கவுன்ட்டரில் 'சிஸ்டம் தம்பி', முதலாளி வாயில் 'அந்தப் பையன்' என இடத்துக்கேற்பப் பெயர் திரியும். வயது நாற்பதைத் தாண்டினாலும் கடைசிப் பெயர் மாறுவதில்லை.

இவ்வினத்தின் தலையாய இலக்கணம் ஒருமை. நிறுவனம் வளரும்போது லாரி 'லாரிகள்' ஆகிறது, கிளை 'கிளைகள்' ஆகிறது, கணக்குப்பிள்ளைக்கே இரண்டு உதவியாளர்கள் வந்துவிடுகிறார்கள். சிஸ்டம்காரர் மட்டும் 'கள்' விகுதி ஏற்காத பெயர்ச்சொல்லாக நிற்கிறார். இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது, சிறிய லாரி ஆபீசுகள் பலவற்றில் ஒரு கணினியும் அதைத் தொடத் தெரிந்த ஒருவரும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் வந்திறங்கினர். நான்கு லாரிக்கு ஒரு கணினி, ஒரு கணினிக்கு ஓர் ஆள் என்ற அன்றைய கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லாரி எண்பதாகி, கணினி அறுபதான பிறகும் கணக்கின் கடைசி எண்ணை யாரும் திருத்தவில்லை. டிரைவர் இல்லாத லாரி ஷெட்டிலேயே நிற்பது எல்லார் கண்ணிலும் படும். கவனிப்பார் இல்லாத கணினியோ சில மாதங்கள் ஓடத்தான் செய்கிறது. இன்னோர் ஆள் எதற்கு என்ற முதலாளியின் வாதம் முழுதும் அந்தச் சில மாதங்களின்மேல் நிற்பது.

இனி மரபுப்படி முதல், கரு, உரி எனப் பகுத்து நோக்கலாம்.

முதற்பொருளில் முதலாவது நிலம். இது மாடிப்படிக்கு அடியிலுள்ள முக்கோண வெளி. முன்பு தார்ப்பாயும் கயிறும் போட்டுவைத்த இடம். இப்போது 'சர்வர் ரூம்' என்ற பலகை தொங்குகிறது, தார்ப்பாயும் இருக்கிறது. உள்ளே நிமிர்ந்து நிற்க இயலாது. முதலாளி அறையில் குளிர் போதவில்லை என்று கழற்றிய ஏ.சி. இங்கே மறுபிறவி எடுத்திருக்கும். அது நின்றுபோன பிற்பகலில் நிலம் பாலையாகத் திரியும் என்க.

கிளைகளின் நிலம் தனி ஆய்வுக்குரியது. புதுக் கிளை திறக்கும்போது உள்ளூர்க் கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டுவது வழக்கம். பெட்டியிலிருந்து எடுத்தபடியே பல ரவுட்டர்களுக்கு முகவரி 192.168.1.1. ஊருக்கு ஊர் மாரியம்மன் கோயில் இருப்பதுபோலக் கிளைக்குக் கிளை அதே முகவரி. தனித்தனியாக இருந்தவரை வழிபாட்டில் குழப்பம் இல்லை. எல்லாக் கிளைகளையும் வி.பி.என். மூலம் தலைமை ஆபீசோடு கோக்க முடிவெடுக்கும் நாளில்தான், 192.168.1.20 என்ற பிரிண்டர் ஈரோட்டில் இருக்கிறதா, ஓசூரில் இருக்கிறதா என்ற தத்துவச் சிக்கல் எழுகிறது. ரவுட்டர் வெளியூர் போய்த் தேடுவதில்லை. அந்த எண் தன் வீட்டைச் சேர்ந்தது என நம்பி வீட்டுக்குள்ளேயே தேடும். எனவே ஓசூருக்கு அனுப்பிய ரசீது ஈரோட்டில் விழும், அல்லது எங்குமே விழாது. தீர்வு ஒன்றே: கிளைக்கு ஒரு தனி எண் வரிசை. இதற்காகச் சிஸ்டம்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் ரவுட்டர்களுக்குப் பெயர் சூட்டி வருகிறார். நிறுவனத்திடம் எண்பது லாரிகள் உண்டு. எதுவும் அன்றைக்கு அந்தப் பக்கம் போவதில்லை.

இரண்டாவது பொழுது. பெரும்பொழுது மாதத்தின் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும், ஜி.எஸ்.டி. விவரப் படிவங்களுக்குக் கெடு முடியும் நாட்கள். சிறுபொழுது நள்ளிரவு. ஆபீஸ் நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை என்று பலகையில் எழுதியிருந்தாலும், பெருநகரங்கள் கனரக வண்டிகளைப் பகலில் உள்ளே விடாததால் லாரியின் நாள் இருட்டிய பிறகே விடிகிறது. சிஸ்டம்காரரின் நாள் இரண்டு முறை விடிகிறது.

நள்ளிரவுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும். அதை நாடு முழுவதும் 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்க முயன்றபோது முதல் நாளே இணையதளம் படுத்துக்கொண்டதும், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1-க்குத் தள்ளிவைத்ததும் வரலாறு. அரசின் சர்வரும் படுக்கும் என்பது அன்று சிஸ்டம்காரர்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். பில்லின் ஆயுள் முன்பு 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அந்த நாள் நள்ளிரவில் முடியும். ஆக்சில் உடைந்து ஏதோ ஒரு மாநிலத்தில் வண்டி நின்றுவிட்டால், ஆயுள் முடிவதற்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். வழியில் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் புது வண்டி எண்ணைப் பில்லின் 'பி' பகுதியில் ஏற்ற வேண்டும். இவை எதுவும் கணினிப் பழுதைச் சேர்ந்தவையல்ல. ஆயினும் திரையில் நடப்பதால் சிஸ்டம்காரரின் கணக்கில் விழுகின்றன. உள்ளே நுழைய ஓ.டி.பி. கேட்கும் காலத்தில் சிக்கல் முற்றியது. ஓ.டி.பி. போய்ச் சேர்வது பதிவு செய்த கைபேசிக்கு. பதிவு செய்தது முதலாளியின் எண். இரவு பதினொன்றே முக்காலுக்கு முதலாளியை எழுப்பி ஆறு இலக்கம் கேட்பது எவ்வாறு என்பது பற்றி இலக்கண நூல்கள் மௌனம் சாதிக்கின்றன. 2021 பிப்ரவரியில் கட்டாயமான ஃபாஸ்டேக்கும் இவ்வாறே. சுங்கச்சாவடியில் இருப்பு தீர்ந்து நிற்கும் டிரைவர் முதலில் அழைப்பது சிஸ்டம் தம்பியை.

கருப்பொருள்களுள் தெய்வம் குறித்துக் கருத்து வேறுபாடு இல்லை. நாமக்கல் ஆஞ்சநேயர் 18 அடி உயரத்தில், தலைக்குமேல் கூரையின்றி வானம் பார்த்து நிற்பவர். கணக்கு வழக்கை மேகத்தில் ஏற்றிவிட்ட நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான காவல் அமையாது. ஆயுத பூசையன்று லாரிகளுக்குப் பின் சர்வருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பர். காற்றுப் போகும் துளைமேல் வைக்காதீர்கள் என்று சொல்லச் சிஸ்டம்காரர் ஆண்டுதோறும் வாயெடுத்து, சொல்லாமல் விடுகிறார். உணவு, ஆறிய டீ. விலங்கு, எலி. குடோனில் அரிசி மூட்டை இருக்க அது வயரைக் கடிப்பது பசியால் அன்று. எலியின் முன்பல் சாகும்வரை வளர்வதால் தேய்த்துக்கொள்ளக் கடினமாக ஏதேனும் வேண்டியிருக்கிறது. பறை, யூ.பி.எஸ். எழுப்பும் ஒலி.

யாழ் எனத் தகுவது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். வேறு துறைகள் பலவும் கைவிட்ட இக்கருவி லாரி ஆபீசில் இரவு பகலாக ஒலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது ஒரே அடியில் பல பிரதிகளாக விழ வேண்டும்: அனுப்புபவருக்கு ஒன்று, பெறுபவருக்கு ஒன்று, டிரைவர் கையில் ஒன்று, ஆபீஸ் ஃபைலுக்கு ஒன்று. லேசர் பிரிண்டர் தாளில் மைத்தூளை ஒட்டவைத்துச் சுடுவதோடு சரி. கார்பனுக்கு வேண்டியது அடி. 9 ஊசியோ 24 ஊசியோ கொண்ட தலை ரிப்பனைத் தாள்மேல் குத்தும்போதுதான் அந்த அடி நான்காம் தாள்வரை இறங்கும். தாளின் கனத்துக்கேற்பத் தலையை முன்பின் நகர்த்தப் பக்கவாட்டில் ஒரு சிறு லீவர் இருக்கிறது. 'நாலாவது காப்பி தெரியலை' என்ற புகாரின் வேர் பெரும்பாலும் அந்த லீவரில் இருக்கும். அதை நகர்த்தியவர் யார் என்பதற்கு மட்டும் ஒருபோதும் சான்று கிடைப்பதில்லை.

இங்கே வழக்குச் சொற்களின் இலக்கணத்தைத் தொட்டாக வேண்டும். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க தம்பி, அதுவா நின்னுபோச்சு" என்பது இந்நிலத்தின் அடிப்படைத் தொடர். கணினி பற்றிய பேச்சில் பிறவினையே இல்லை, எல்லாம் தன்வினை. ஃபைல் தானாக அழியும், பிளக் தானாகக் கழலும், கீபோர்டின்மேல் டீ தானாகக் கொட்டும். அதேபோல் 'நெட்டு வரலீங்க' என்ற தொடர் மானிட்டர் அணைந்தது, பாஸ்வேர்டு மறந்தது, பிரிண்டரில் தாள் தீர்ந்தது, உண்மையிலேயே நெட் வராதது ஆகிய நான்கையும் குறிக்கும் பலபொருள் ஒருமொழி. தேர்ந்த சிஸ்டம்காரர் சொல்பவரின் குரல் நடுக்கத்தைக் கொண்டே பொருள் பிரித்துவிடுவார்.

உரிப்பொருளில் மற்றத் திணைகளுக்கு ஆளுக்கொன்று. இதற்கு ஐந்தும் உரியவை. புணர்தல் என்பது இணைப்பு வருவது, நெடுநேரம் நீடிக்காது. இருத்தல் என்பது பச்சைப் பட்டை 99 விழுக்காட்டில் நிற்க அதன்முன் உட்கார்ந்திருப்பது.

ஊடல் செலவு கேட்கும்போது பிறக்கிறது. லாரி முதலாளிக்கு உலகிலுள்ள எல்லாப் பொருளுக்கும் விலை டயரில்தான். பேக்கப் எடுக்க ஒரு வட்டு வேண்டும் என்றால், "அது ஒரு டயர் காசு ஆகுமே தம்பி" என்ற பதில் வரும். சர்வர் மாற்ற வேண்டும் என்றால் பின்டயர் ஒரு செட். சிஸ்டம்காரர் பல ஆண்டுகள் கணினி மொழியில் மன்றாடித் தோற்றபின், ஒருநாள் பேக்கப் என்பதை ஸ்டெப்னி என்று சொல்லிப் பார்ப்பார். ஸ்டெப்னி இல்லாமல் எந்த முதலாளியும் வண்டியைக் கேட்டைத் தாண்ட விடமாட்டார். அன்று மாலையே காசோலை கிடைக்கும். ஆனால் ஸ்டெப்னி வண்டியிலேயே இருக்கும்; பேக்கப் அப்படி இருக்கலாகாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்ற விதியைச் சொல்வதற்குள் முதலாளி எழுந்து போயிருப்பார். வாங்கிய வட்டு சர்வரின் தலைமேலேயே வைக்கப்படும்.

இரங்கல் நெய்தலில் தலைவிக்கு உரியது. இங்கே தொழிற்குழு முழுவதுக்கும் பொது. இங்கிலாந்தில் 1865-இல் தொடங்கிய 'நைட்ஸ் ஆஃப் ஓல்டு' லாரி நிறுவனமும் அதன் குழுமமான கே.என்.பி.யும் ஏறத்தாழ 500 லாரிகள் ஓட்டின. 2023-இல் தகவல் கொள்ளையர் உள்ளே புகுந்து கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டினர். சில மாதங்களில் குழுமம் மூடப்பட்டு 700 பேர் அளவில் வேலை இழந்தனர். ஒருவரின் கடவுச்சொல்லை ஊகித்தே உள்ளே வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. இவ்வட்டாரத்து முதலாளிகளின் கடவுச்சொல் பெரும்பாலும் முதன்முதலில் வாங்கிய லாரியின் பதிவெண். அந்த லாரியின் படம், எண் தெளிவாகத் தெரியும்படி, வரவேற்பறையில் மாலையோடு தொங்கும்.

இரங்கலுக்கு மாறான சான்றும் ஒன்று உண்டு. 2017 ஜூன் 27 அன்று உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மேர்ஸ்க்கை 'நாட்பெட்யா' என்ற தீநிரல் தாக்கியது. யார் உள்ளே வரலாம் என்று பதிவு வைத்திருக்கும் சர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. ஒரே ஒரு பிரதி ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்வெட்டு. அந்த ஒன்றை வைத்து, 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் மீண்டும் நிறுவினர். எத்தனை பேர் சேர்ந்து என்பதைச் சிஸ்டம்காரர் இக்கதையைச் சொல்லும்போது அழுத்திச் சொல்வார். கேட்கும் முதலாளியோ மின்வெட்டே பெரும் பாதுகாப்பு என்று பொருள்கொண்டு யூ.பி.எஸ். பேட்டரி மாற்றுவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பார். இது பாடபேதம் எனக் கொள்க.

எஞ்சியது பிரிதல். இது இருவகை. விடுப்பிற் பிரிவு பெயரளவினது. திருமணப் பந்தியில் இலை போட்டபின் அழைப்பு வரும். ரசம் வருவதற்குள் பிரச்சினை தீர்ந்துவிடும், பெரும்பாலும் அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னதால். மற்றது வேலையை விட்டுப் பிரிவது. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துச் சிஸ்டம்காரர் கடிதம் கொடுத்ததும், அவர் என்னதான் செய்துகொண்டிருந்தார் என்று ஆபீசில் முதன்முறையாக ஒரு பட்டியல் தயாராகும். அது மூன்று பக்கம் போகும். அதைப் படித்துவிட்டு முதலாளி புதிதாக ஒருவரை எடுப்பார், ஒருவரைத்தான்.

பழையவரும் புதியவரும் சேர்ந்திருக்கும் பதினைந்து நாட்கள் மட்டும் இப்பெயர்ச்சொல் 'கள்' விகுதி ஏற்கும். அக்காலத்தில் மாடிப்படிக்கு அடியில் இருவர் குனிந்து நிற்பது காணத்தக்கது. பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்கிய எண்பது பக்க நோட்டு ஒன்று கைமாறும். கடவுச்சொற்கள், கிளை எண்கள், எந்தப் பிரிண்டரை எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அதில் அடக்கம். புதியவர் அதைக் கடைசிப் பக்கம்வரை புரட்டி, அண்மையில் திறந்த மூன்று கிளைகளின் எதிரேயும் 192.168.1.1 என்றிருப்பதைக் கண்டு, "இது எந்த ஊருங்கண்ணா?" என்று கேட்பார்.