அகலத்துக்கும் ஒரு வரி வேண்டி

அனுப்புநர்:
ஓட்டுநர் கதவை முழுதாகத் திறந்து இறங்கி வெகுகாலமான ஒரு குடும்பத் தலைவர்,
தென்சென்னை.

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
ஜிஎஸ்டி கவுன்சில்,
புதுடெல்லி.

பொருள்: கார்களின் அகலத்தை அளந்து வரி விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இடப்பக்கக் கண்ணாடியில் தெரிந்த வரையில்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர், ஐயன்மீர்,

தங்களுக்கு வரும் மனுக்களெல்லாம் வரியைக் குறைக்கச் சொல்லித்தான் வரும். இது போடச் சொல்லி வருகிறது. யாரோ விலாசம் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிட வேண்டாம். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2006 பிப்ரவரி பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. எது சிறிய கார்? நீளம் நாலு மீட்டரைத் தாண்டக் கூடாது; எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள். அந்த அளவு நாடாவை முதலில் விரித்த நிதியமைச்சர் ப. சிதம்பரம் நம் சிவகங்கைக்காரர் என்பதில் எங்களுக்குப் பெருமைதான். பிறகு அமைச்சர்கள் மாறினார்கள், ஆட்சி மாறியது, உற்பத்தி வரி போய் ஜிஎஸ்டி வந்தது. நாலு மீட்டர் மட்டும் அசையவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அதே அளவுக்குள் அடங்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதம், அடங்காதவைக்கு 40 என்று தாங்களும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறீர்கள்.

நாடா விரிந்ததும் கார் கம்பெனிகள் செய்த வேலையை நாடே பார்த்தது. டாடா, இண்டிகோவின் வாலை நறுக்கி 2008-இல் இண்டிகோ சிஎஸ் என்று விட்டது. மாருதி 2012-இல் டிசையரின் டிக்கியை வெட்டி 3995 மில்லிமீட்டரில் நிறுத்தியது. அதற்குப் பிறகு 3995 என்பது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. எந்த விளம்பரப் புத்தகத்தைப் பிரித்தாலும் அதே எண். ஐந்து மில்லிமீட்டரைத் தங்களுக்கு மரியாதையாக விட்டுவைக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆனால் பின்னால் வெட்டிய சதை எங்கே போயிற்று என்று தாங்கள் விசாரிக்கவில்லை. விலாவில் போய் ஒட்டிக்கொண்டது. 1983-இல் வந்த மாருதி 800-இன் அகலம் 1.4 மீட்டர் சொச்சம். இன்றைய டாடா நெக்ஸான் 1804 மில்லிமீட்டர். மஹிந்திரா தார் 1820. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம், ஆளை இடிக்கிற அகலம். ஆனாலும் தாரின் மூன்று கதவு, ஒன்றரை லிட்டர் டீசல் வகை 3985-இல் நின்றுவிடுவதால், தங்கள் கணக்கில் சிறிய கார். 1748 மில்லிமீட்டர் அகலத்தில் ஒதுங்கிப் போகிற ஹோண்டா சிட்டி பெரிய கார். நம் பழைய அம்பாசடரை இன்று மறுபடி செய்தால், 1.7 மீட்டருக்குள் அடங்கும் அகலத்தோடு, ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சினோடு, நீளம் 4.3 மீட்டர் என்ற ஒரே குற்றத்துக்காக 40 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும். இடுப்பை அளக்காமல் உயரத்தை மட்டும் அளந்து பேன்ட் தைக்கும் டெய்லரிடம் நாங்கள் இரண்டாவது முறை போவதில்லை. தங்களிடம் வராமல் இருக்க வழியில்லை.

இனி எங்கள் வாசலுக்கு வாருங்கள்.

தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி ஒரு காருக்கான இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அதில் நாலு மீட்டர் காரை விட்டால் நீளவாக்கில் ஒரு மீட்டர் சும்மா கிடக்கிறது. அங்கே காற்றிறங்கிய சைக்கிள், காலி தண்ணீர் கேன், போன கார்த்திகைக்கு வாங்கிய அகல் விளக்குப் பெட்டி எல்லாம் சௌகரியமாகக் குடியிருக்கின்றன. அகலவாக்கில் மாருதி 800 நின்ற காலத்தில் இரண்டு பக்கமும் முழத்துக்கு மேல் மிச்சமிருந்தது. நெக்ஸானை நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஒன்றரைச் சாண். நட்டநடுவில் நிறுத்துபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. பக்கத்துக் கார்க்காரரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சாய்த்து நிறுத்தியிருப்பார். மூலையில் தூண் ஒன்று எந்த விதிக்கும் கட்டுப்படாமல் நிற்கும்.

தனி வீட்டுக்காரர்கள் சுகவாசிகள் என்று நினைக்க வேண்டாம். அரை கிரவுண்டு மனையில், லாம்ப்ரெட்டாவை மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகள் அவை. போர்ட்டிகோவின் ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், மறுபக்கம் வீட்டுப் படிக்கட்டு. போதாக்குறைக்கு வாஸ்து பார்த்தவர் கேட்டை வடகிழக்கு மூலைக்குத் தள்ளியிருப்பார். பதினைந்தடித் தெருவில், எதிர்வீட்டு மின்கம்பத்துக்கும் இந்த வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி மூடிக்கும் நடுவில், ஈசானிய மூலைக்குள் ஒடித்து நுழைவதென்பது டிரைவிங் ஸ்கூலில் போடச் சொல்லும் எட்டில் அடங்காது.

தங்கள் கவுன்சிலில் தீர்மானம் நிறைவேற நாலில் மூன்று பங்கு ஆதரவு போதும் என்கிறது அரசியல் சாசனம். எங்கள் வாசலில் ரிவர்ஸ் எடுக்க ஒருமித்த கருத்து தேவை. அது அமைவதே இல்லை. பின்னால் நிற்கும் வாட்ச்மேன் "வரலாம், வரலாம்" என்பார். மாடியிலிருந்து அம்மா "லெஃப்ட்ல ஒடிடா" என்பார். எந்த லெஃப்ட் என்று அவருக்கே தெரியாது. பையன் "அப்பா, கேமராவைப் பாருங்க, சிவப்புக் கோடு வந்திடுச்சு" என்பான். வாட்ச்மேனின் "வரலாம்" எப்போது "போதும்" ஆகும் என்று தெரிவதற்குள் தூண் பேசிவிடும்.

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத் தூணில் எல்லா நிறமும் இருக்கிறது: வெள்ளை, சாம்பல், ஒரு காலத்தில் நாகரிகமாயிருந்த அந்தச் செங்கல் சிவப்பு. எந்த வீட்டில் எப்போது புதுக் கார் வந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். சங்கத்தில் பேசிப் பழைய யோகா பாயைச் சுற்றிக் கட்டினோம். அதனால் தூண் இன்னும் ஓர் அங்குலம் பருத்தது.

முதல் கீறல் விழுந்ததும் "போகட்டும், திருஷ்டி கழிஞ்சுது" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். நல்ல மனசு. ஆனால் ஒரு காருக்கு இவ்வளவு திருஷ்டி எங்கிருந்து வருகிறது? கீறலை எடுக்க டிங்கரிங் கடைக்குப் போனால் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இன்சூரன்ஸில் வாங்கலாம் என்றால் பிரீமியத்துக்கும் 18. குறுகிய இடமும் பருத்த காரும் உரசும்போதெல்லாம் கஜானாவுக்கு ஏதோ சேருகிறது. அகலத்தைத் தாங்கள் கண்டுகொள்ளாததற்கு இதுதான் காரணம் என்று தெருமுனை டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நான் நம்பவில்லை. முழுதாக மறுக்கவும் இல்லை.

மழைக்காலம் இன்னொரு வேடிக்கை. மழையில் நனையாமல் வீட்டுக்குள் இறங்கத்தான் கார் வாங்கினோம். உள்ளே போனால் கதவு திறக்காது என்பதால் பாட்டி, பை, குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே கொட்டுகிற மழையில் இறக்கிவிடுகிறோம். பிறகு கார் மட்டும் நனையாமல் உள்ளே போகிறது. ஓட்டியவர் கியர் தண்டைத் தாண்டி, இடப்பக்கச் சீட்டில் உருண்டு, அந்தப் பக்கம் கிடைத்த இடுக்கு வழியாக வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வருகிறார்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அகலத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கவாட்டில் வண்டி மோதினால் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்று 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமானது. அதற்குக் கதவுக்குள் இரும்புச் சட்டம் வேண்டும், கனம் வேண்டும். பின்சீட்டில் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார வேண்டும் என்று கேட்டதும் நாம்தான். ஆனால் தேவை பார்த்து மட்டும் கார்கள் பருப்பதில்லை. மிடுக்கு என்று ஒன்று இருக்கிறது. சக்கரத்தின் மேல் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கிறது. அதற்கு எந்த உயிரைக் காப்பாற்றும் வேலையும் கிடையாது.

ஜப்பான்காரர்கள் நாடாவைக் குறுக்கேயும் பிடிக்கிறார்கள். அங்கே கெய் என்னும் குட்டிக் கார்களுக்கு வரிச் சலுகை உண்டு. அதற்கு நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், எஞ்சின் 660 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அடுத்த வகுப்புக்கும் அகலம் 1.7 மீட்டரைத் தாண்டக் கூடாது. கூடவே 1962-லிருந்து ஒரு சட்டம்: கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்று வாங்கினால்தான் பெரும்பாலான இடங்களில் காரைப் பதிவு செய்ய முடியும். இதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. கொண்டுவந்தால் மறுநாளே ஒரே காலி இடத்தின் போட்டோ அத்தனை விண்ணப்பத்திலும் ஒட்டியிருக்கும்.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் அகலம் பற்றி ஒரு வரி உண்டு, அதிகபட்சம் 2.6 மீட்டர். பஸ், லாரிக்கும் சேர்த்துச் சொன்னது என்பது தெரியும். இருந்தாலும் எங்கள் கார் நிறுத்தும் இடமே 2.5 மீட்டர்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஆகவே கோரிக்கை இது. சிறிய கார் என்பதன் இலக்கணத்தில் நீளத்துக்குப் பக்கத்தில் அகலத்தையும் சேருங்கள், 1.7 மீட்டர் என்று வையுங்கள். வைத்த மாத்திரத்தில் கம்பெனிக்காரர்கள் 1695-இல் வந்து நிற்பார்கள். வாலை வெட்டத் தெரிந்தவர்களுக்கு விலாவைச் செதுக்கத் தெரியாதா? தாங்கள் சொன்னால் சுவர் நகராது, தூண் நகராது. கார் நகரும், இருபது வருஷமாகப் பார்த்துவிட்டோம். கவுன்சிலின் தலைவர் மதுரையில் பிறந்தவர் என்பதால் சந்து என்றால் என்னவென்று தனியாக விளக்கவில்லை.

அறிவிக்கை எழுதும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பெரிய எஸ்யூவிக்குத் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர் என்று முன்பு வரையறுத்தீர்கள். அதை ஆள் ஏறிய நிலையில் அளப்பதா, காலி வண்டியில் அளப்பதா என்ற குழப்பம் 2023 ஜூலையில் தங்கள் 50-ஆவது கூட்டத்தில்தான் தீர்ந்தது. பாப்கார்னில் உப்பா, சர்க்கரைப் பாகா என்று பிரிக்க 2024 டிசம்பரில் ஜெய்சல்மர் வரை போக வேண்டியிருந்தது. எனவே காரின் அகலத்தைப் பக்கக் கண்ணாடிகளை விரித்த நிலையில் அளப்பதா, மடக்கிய நிலையில் அளப்பதா என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், விரித்த நிலைதான் சரி. மடக்கிய கண்ணாடியில் தூண் தெரிவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து – காருக்குள்ளிருந்தே போட்டது)

இணைப்பு: தையல் நாடா ஒன்று. குறுக்கே பிடித்தாலும் அளக்கும்.