மனசுக்கும் ஒரு ஓ.பி. சீட்டு

இந்த வாரம் கோலார் தங்கவயல் வாசகர்களின் கேள்விகள். கவுன்சலிங் போகலாமா, போனால் யாரிடம் போவது என்பதுதான் பலருடைய தவிப்பு.

கவுன்சலிங் போக எந்த அளவுக்கு மோசமாகியிருக்க வேண்டும்?
*– வாசகி, ராபர்ட்சன்பேட்டை*

மோசமாகும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. தூக்கம், பசி, வேலை, மனிதர்களோடு பழக்கம் – இந்த நான்கில் ஒன்று கெட்டு, இரண்டு வாரமாகியும் சரியாகவில்லையா? அது போதும், கிளம்புங்கள்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வேலை பார்த்தவர். அவர் எந்த கவுன்சலிங்குக்கும் போனதில்லை. எங்களுக்கு மட்டும் எதற்கு?
*– வாசகர், சாம்பியன் ரீஃப்*

அவருக்குத் தேவைப்படவில்லை என்று யார் சொன்னது? பாறை வெடிப்பில் கூட்டாளியைப் பறிகொடுத்தவர்களும் மறுபடி அதே ஷாஃப்டில்தான் இறங்கினார்கள். "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்க ஆளில்லை. சொல்ல இடமில்லாதவர்களுக்குச் சாராயக்கடை இடம் கொடுத்தது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி மைன்ஸ் மூடியபோது பாக்கித் தொகைக்குக் கணக்குப் போட்டார்கள். வேலையோடு போன தூக்கத்துக்கும் மதிப்புக்கும் யாரும் கணக்குப் போடவில்லை. அப்பாவின் தைரியம் உங்களிடமும் இருக்கிறது. அவருக்குக் கிடைக்காத வசதி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, பயன்படுத்துங்கள்.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர் – யாரிடம் முதலில் போவது?
*– கல்லூரி மாணவி, உரிகம்*

சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மாத்திரை எழுதுபவர் அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் அவரிடம் இருக்க வேண்டும். கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிட முடிகிறது. அதனால் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்காமல் உட்காராதீர்கள். நாள் கணக்கில் தூக்கமில்லை, காதில் குரல் கேட்கிறது, சாகத் தோன்றுகிறது என்றால் முதலில் சைக்கியாட்ரிஸ்ட். இழப்பு, பயம், குடும்பச் சிக்கல் என்றால் சைக்காலஜிஸ்டிடம் தொடங்கலாம். பலருக்கு இருவருமே தேவைப்படும்.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விடாதாமே?
*– வாசகர், ஆண்டர்சன்பேட்டை*

எல்லோருக்கும் அப்படி இல்லை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். குணமான பிறகும் சில மாதம் தொடரச் சொல்வார்கள்; பிறகு டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். சில நோய்களுக்கு நீண்ட காலம் வேண்டியிருக்கும். "நல்லாயிட்டேன்" என்று நீங்களாகவே நிறுத்துவதுதான் ஆபத்து.

எனக்குக் கன்னடம் வரும், இங்கிலீஷும் கொஞ்சம் வரும். ஆனால் அழுகை தமிழில்தான் வரும். என்ன செய்ய?
*– வாசகி, மாரிக்குப்பம்*

அழுகை வரும் மொழியிலேயே பேசுங்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "தமிழ் தெரிந்தவர் வேண்டும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416-க்கு அடித்தால் தமிழிலேயே பேசலாம். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். சென்னையில் இருக்கும் தெரபிஸ்டோடு வீடியோவில் பேசுவதும் இன்று சாதாரணம்.

விடிகாலை ரயிலில் பெங்களூரு, ராத்திரி ரயிலில் வீடு. தெரபிக்கு நேரம் எங்கே?
*– தினசரிப் பயணி, கோரமண்டல்*

பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கும் ஊருக்கே தினமும் போய் வருகிறீர்கள். ஒருநாள் அரை லீவு போட்டு முதல் சீட்டைப் பதிந்துவிடுங்கள். போனில் பேசுவதானால் ரயில் பெட்டியில் மட்டும் வேண்டாம். ரகசியம் பேச அது இடமில்லை. இந்த அலைச்சல் தின்னும் தூக்கத்தைப் பற்றியும் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள்.

லைன் வீடு, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தண்ணீர் எடுத்து வருவார்கள். விஷயம் வெளியே தெரிந்தால்?
*– வாசகி, சாம்பியன் ரீஃப்*

தண்ணீர் கொண்டுவரும் மனிதர்கள் பக்கத்தில் இருப்பது பாக்கியம். ஆனாலும் எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விதிவிலக்கு.

காசு?
*– வாசகர், பங்காருப்பேட்டை*

தனியாரில் ஒரு சந்திப்புக்கே ஆயிரக்கணக்கில் ஆகலாம். அரசு மருத்துவமனைகளிலும் நிம்ஹான்ஸிலும் செலவு மிகக் குறைவு. சலுகை கேட்க ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். மாவட்ட மனநலத் திட்டம் பற்றிக் கோலார் மாவட்ட மருத்துவமனையில் விசாரியுங்கள். தனியாரிடம் போனாலும் "கட்டணத்தைக் குறைக்க முடியுமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சர்ச்சில் ஃபாதரிடம் மனம் விட்டுப் பேசுகிறேன். அது போதாதா?
*– வாசகி, ராபர்ட்சன்பேட்டை*

ஃபாதர் பாவத்தை மன்னிப்பார். துக்கம் பாவமில்லையே, மன்னிப்பதற்கு! அவரிடம் போவதை நிறுத்த வேண்டாம், தெரபிஸ்டிடமும் போங்கள். ஒன்றுக்கொன்று பகையில்லை.

மூன்று தடவை போய்விட்டேன். ஒட்டவே இல்லை. ஆளை மாற்றலாமா?
*– வாசகர், பெமல் நகர்*

தாராளமாக. அதற்கு முன், ஒட்டவில்லை என்பதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். காரணம் கேட்டு முறையை மாற்றுவார். பழைய காயத்தைப் பேசும்போது வலிப்பது இயல்பு, அதற்காக ஓடாதீர்கள். ஆனால் அவர் உங்கள் சாதியை, மதத்தை, கல்யாணத்தை எடைபோட்டால், ஒரே சந்திப்பில் குணம் என்று உத்தரவாதம் தந்தால், இன்னொருவர் கதையை உங்களிடம் சொன்னால், அன்றே எழுந்து வந்துவிடுங்கள். தெரபிஸ்டுக்கும் உங்களுக்கும் இடையிலான நம்பிக்கை சிகிச்சையில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆராய்ச்சிகளும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: போகலாமா, வேண்டாமா?
*– வாசகி, ஆண்டர்சன்பேட்டை*

போங்கள். ஒருவர் சரிப்படவில்லை என்றால் இன்னொருவரிடம் போங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் இருப்பவர்கள் நாளைக்குத் தள்ளிப்போடாமல் இப்போதே 14416-க்கு அழையுங்கள்; வீட்டில் ஒருவரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.